கட்டற்ற கிளி

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேரிடம் என் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். என் பெயர் முனீஸ்வரி. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் முத்திரை, கல்யாண ஜாக்கெட்டில் முதுகு நிறைய மயில், வாடகைக் கார் சீட்டு உறையில் ஓட்டுநரின் பிள்ளைகள் பெயர், எது கேட்டாலும் நூலில் தைத்துக் கொடுப்பேன்.

ஆனால் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது மயில் இல்லை, கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கிறதே, தினமும் பச்சை இலையில் புதிதாகக் கட்டுகிற கிளி, அதுதான். கோயிலுக்குப் போய்ப் போய்ப் பார்த்து, கழுத்துக்கு ஒரு பச்சை, இறக்கைக்கு ஒரு பச்சை, வாலுக்கு ஒரு பச்சை என்று பிரித்து, நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கோடு கோடாக வரைந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. சோழபுரத்திலிருந்து தேவதானம் வரைக்கும் ‘முனீஸ் கிளி’ என்றால் தெரியும்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு இடி இடித்தது. கரண்டு போனது, வந்தது, கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. ரிப்பேர்காரர் பழையதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆனால் உள்ளே இருந்த டிசைன்கள் முந்நூற்று நாற்பதையும் பத்திரமாக எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். அப்பாடா என்று டிசைன் சாப்ட்வேரைத் திறந்தேன். அது என் முகத்துக்கு நேராக ஒரு கட்டம் காட்டியது. இந்தக் கணினிக்கு அனுமதி இல்லையாம்.

சாதாரண நாளாக இருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். ஆடிப்பூரத் தேருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சுந்தரபாண்டியம் கோலாட்டக் குழுவுக்கு நாற்பது ஜாக்கெட் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். குழுத் தலைவி பெத்தம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருந்தது. “கிளி முதுகு முழுக்க இருக்கணும் தாயி. தேர்ல நிக்கிறவன் குனிஞ்சு பாத்தாலும் தெரியணும்.” மெஷினில் பழைய சின்னக் கிளி இருந்தது. அதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் டிசைனைத் திறந்தாக வேண்டும். திறக்கத்தான் விடவில்லையே.

சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பையன் பேசினான். குரலில் அப்படி ஒரு மரியாதை. என்னிடம் இருந்த பதிப்பு முடிந்துவிட்டதாம். புதுசு வாங்க வேண்டுமாம். அந்த விலைக்கு நான் இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம். புதுசிலும் என் பழைய டிசைன் அப்படியே திறக்காதாம், அவர்களுக்கு அனுப்பினால் மாற்றித் தருவார்களாம், ஆறு வாரம் ஆகுமாம்.

“தம்பி, நான் வரைஞ்ச கிளியை நான் பாக்குறதுக்கு நீ எதுக்குய்யா சாவி வச்சிருக்க?”

“மேடம், டிசைன் உங்களோடது. ஃபார்மேட் எங்களோடது.”

“அப்போ பிள்ளை என்னோடது, தொட்டில் உன்னோடதா? பிள்ளையைத் தூக்க விடமாட்டியா?”

“உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது மேடம்” என்றான். போனை வைத்துவிட்டேன். வைத்த வேகத்தில் அதன் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

இந்த நிலைமையில்தான் என் வீட்டுக்காரர் சிவபாண்டி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். அவர் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணியை இருபது வருடமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அன்றைக்குப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“ஏட்டி, இதப் படி. வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கூட்டமாம். ‘கட்டற்ற மென்பொருள் நாள்’னு போட்டிருக்கான். எங்க பொழப்புல மண்ணைப் போடப் போறான்.”

“ஏன், என்னவாம்?”

“படிச்சாத் தெரியலையா? கட்டே இல்லாத மென்மையான பொருளு. களிம்பு மாதிரி எதையோ கண்டுபிடிச்சிருக்கான். காயத்துல தடவிட்டாப் போதும், கட்டு வேண்டாம்னு சொல்லப் போறான். சத்திரப்பட்டி அம்புட்டுத்தான்.”

மென்பொருள் என்றால் சாப்ட்வேர் என்று எனக்குத் தெரியும். மகளின் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் வரமாட்டார், அவர் வந்தால் பைக்கில் போகலாம். செய்தியின் அடியில் ‘அனுமதி இலவசம்’ என்று இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது, அங்கே என் சாப்ட்வேரை இலவசமாகத் தருகிறார்கள் போல என்று நானும் என் பங்குக்குத் தப்பாகவே நினைத்துக்கொண்டேன். டிசைன்களைப் பென்டிரைவில் போட்டு முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில், கூட்டம் நடந்தது. இருபது பேர் இருந்திருப்போம். முந்தின நாள் பந்தியின் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை. நடத்தியது ஹெப்சிபா என்ற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

“நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கட்டு இல்லாம ரத்தம் எப்படிம்மா நிக்கும்?”

ஹெப்சிபா திருதிருவென்று விழித்தாள். அவர் விடவில்லை. “களிம்பு தடவினா நிக்கும்னு சொல்லுவீக. சின்னக் காயத்துக்குச் சரி. ஆபரேசன் பண்ணினவனுக்கு?”

அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. கூடமே சிரித்தது, அவளும் சிரித்தாள், ஆனால் அவரைக் கேலி செய்கிற சிரிப்பாக இல்லை. “அண்ணாச்சி, இது அந்தக் கட்டு இல்ல. மாட்டைக் கட்டிப் போடுற கட்டு. சாப்ட்வேர்ல நம்மளக் கட்டிப் போடுறாக. அதை அவுத்துவிடணும்ங்கிறதுதான் கூட்டம்.”

“அப்போ பேண்டேஜுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி.”

அவர் நிம்மதியாக உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. “ஃப்ரீன்னு போட்டிருந்துச்சே, எதைத் தரப்போறீக?” என்று கேட்டேன்.

“ஃப்ரீன்னா மிக்ஸி தர்ற ஃப்ரீ இல்லக்கா. சொல்லுதேன். நீங்க ஒரு சேலை வாங்குறீங்க. அதை எங்க வேணாலும் கட்டிட்டுப் போகலாம். எப்படி நெய்ஞ்சிருக்கான்னு இழை பிரிச்சுப் பாக்கலாம். ஓரம் அடிச்சுக்கலாம், வெட்டிச் சுடிதார் தைக்கலாம். தங்கச்சி கேட்டாக் குடுக்கலாம். சேலைக் கடைக்காரன் வந்து ஏன்னு கேக்கானா? சாப்ட்வேரும் அப்படித்தான் இருக்கணும்ங்கிறோம். விலைக்கு விக்கலாம், அது வேற பேச்சு. ஆனா வாங்கினவனைக் கட்டிப் போடக் கூடாது.”

பிறகு இந்த இயக்கம் எப்படி வந்தது என்று சொன்னாள். நாற்பது வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் ஒரு பெரிய கல்லூரியில் ஒரு பிரிண்டர். அதில் அடிக்கடி பேப்பர் சிக்கும். அங்கே வேலை பார்த்த ஒருவர், பிரிண்டருக்குள் இருக்கிற சாப்ட்வேரில் கொஞ்சம் எழுதிச் சேர்த்தால், சிக்கிய உடனே எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி செய்துவிடலாம் என்று நினைத்தார். பழைய பிரிண்டரில் அப்படிச் செய்தும் இருந்தார். ஆனால் புது பிரிண்டரின் சாப்ட்வேரை யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. அதன் உள்ளெழுத்தை, அதாவது அதை எழுதின மூல வரிகளை, வைத்திருந்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், தரமாட்டேன் என்று அந்த ஆள் சொல்லிவிட்டார்.

“அவருக்கு வந்த கோபம் இருக்கே” என்றாள் ஹெப்சிபா. “அப்படியே திரும்பிப் போனவரு, இனிமே நான் எழுதுறதை அம்புட்டுப் பேருக்கும் தொறந்துதான் வைப்பேன்னு முடிவு பண்ணினாரு. அவரைப் பாத்து ஊர் ஊரா நாடு நாடா ஆளுக சேர்ந்தாக.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காந்தி மாதிரி ஒரு பொறுமைசாலி ஆரம்பித்திருப்பார் என்று நினைத்திருந்தேன். பேப்பர் சிக்கியதில் வந்த கோபம் என்றதும் ரொம்பப் பிடித்துப் போயிற்று. நூல் சிக்கும்போது எனக்கும் அப்படித்தான் வரும், ஆனால் நான் அதை வைத்து ஒரு இயக்கமும் ஆரம்பித்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பென்டிரைவை நீட்டினேன். கதையைச் சொன்னேன். அவள் தன் லேப்டாப்பில் செருகி, என்னுடைய ஃபைலின் பெயரைப் பார்த்ததுமே, “இதுக்கு ஒருத்தர் வழி பண்ணியிருக்காரே” என்றாள். அந்தக் கம்பெனியின் டிசைனை, யார் வேண்டுமானாலும் திறக்கிற டிசைனாக மாற்றுகிற சின்னப் புரோகிராமாம். ஏதோ தட்டினாள். செத்த நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் என் கிளி வந்தது.

நிறம் மட்டும் இடம் மாறி, உடம்பு சிவப்பும் மூக்கு பச்சையுமாக இருந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் டீயைக் கீழே வைத்தார்.

“இதை எழுதினவரு யாரும்மா? கால்ல விழுந்து கும்பிடணும்” என்றேன்.

“உங்க ஊர்தான்க்கா. அந்தப் புரோகிராம் தலைப்புலயே பேரு இருக்கு பாருங்க. பாண்டிச்செல்வம்.”

கண்ணீர் நின்றுவிட்டது. பாண்டிச்செல்வம் என் கடைக்கு எதிர்ச்சாரியில் ஆறு கடை தள்ளி எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறவன். நானும் அவனும் பேசி நான்கு வருடம் ஆகிறது. ஒரு கல்யாணத்தில் என் கிளியைப் போட்டோ எடுத்துப் போய், பார்த்து வரைந்து, தன் கடையில் தைத்து மாட்டினான். காக்காயைப் பச்சைத் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது. நடுத்தெருவில் நின்று அவனை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

“அவன் எதுக்கு எனக்குக் கொடுத்தான்?” என்றேன்.

“உங்களுக்குன்னு கொடுக்கலக்கா. போன வருஷம் அவரு கம்ப்யூட்டரும் இதே மாதிரி போச்சு. எட்டு மாசம் உக்காந்து கண்டுபிடிச்சாரு, நானும் கொஞ்சம் கூட இருந்தேன். எல்லாரும் எடுத்துக்கிடட்டும்னு இணையத்துல போட்டுட்டாரு. எல்லாருன்னா அதுல நீங்களும்தானே.”

“இதுக்கு நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா.”

ஒன்றும் செய்ய வேண்டாம் என்றதுதான் என்னைப் போட்டு வாட்டியது. ஏதாவது கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஊருக்குத் திரும்பி, ஹெப்சிபா போட்டுக் கொடுத்த சாப்ட்வேரில் கிளிக்கு நிறத்தைச் சரி செய்தேன், பெரிதாக்கினேன், தைக்க ஆரம்பித்தேன். ஊசி இறங்க இறங்க அவன் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். “அந்தப் பய எட்டு மாசம் ஒழைச்சதைத் தூக்கிக் கொடுத்திருக்கான். நீ பதிலுக்கு அந்தக் கிளியைக் கொடுத்தா என்ன?”

“என்ன பேசுறீக நீங்க? ஒன்றரை வருசம் நான் பெத்த பிள்ளை அது. வேணும்னா ஜாக்கெட்டைக் கொண்டுவரட்டும், தைச்சுக் கொடுக்கேன். கிளி என்னோடது.”

“ஜாக்கெட் அவனோடது, கிளி உன்னோடது.” அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அன்னைக்கு ஒருத்தன் போன்ல இப்படித்தானே சொன்னான்?”

அவருக்கு அன்றைக்கு மறுசோறு கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் காப்பியும் கிடைக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான், அது எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. கிளியைக் கொடுத்துவிட்டால் என் கடைக்கு யார் வருவார்கள்? முனீஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்று யார் சொல்வார்கள்? அந்தக் கம்பெனிக்காரனுக்கும் இதே பயம்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் எதிர்ச்சாரிக்குப் போனேன். பாண்டிச்செல்வம் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான், பழைய நினைவு போல.

“இந்தா, கிளி” என்று பென்டிரைவை மேஜையில் வைத்தேன். “தொறந்தே இருக்கு. தைச்சுக்கோ, யாருக்கு வேணாலும் கொடுத்துக்கோ. பொறவு அந்தக் காக்காயைக் கழட்டிரு, பாக்கச் சகிக்கல.”

அவன் பென்டிரைவைத் தொடவில்லை. “நெசமாவா சொல்லுதீங்க அக்கா?”

“நான் எப்பலே விளையாட்டுக்குப் பேசியிருக்கேன்?”

“மாத்தவும் செய்யலாமா?”

அந்தக் கேள்வி நெஞ்சில் சுருக்கென்றது. “அதான் கொடுத்தாச்சுல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மறுநாள் மத்தியானமே வந்துவிட்டான். கையில் ஒரு துணித் துண்டு. அதில் என் கிளி. அவன் முகத்தைப் பார்த்ததுமே எதையோ செய்திருக்கிறான் என்று தெரிந்தது. “எதுலே கை வச்ச?” என்றேன்.

“மூக்குலக்கா.”

என் கிளியின் மூக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு தடவை துவைத்தால் அந்தச் சிவப்பு நூல் பிசிர் பிசிராக எழும்பும். ஆறு வருடமாக யார் வந்து குறை சொன்னாலும், “நீங்க போடுற சோப்பு சரியில்ல” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஒருத்தியிடம் அவள் வாஷிங் மெஷினே சரியில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

“சோப்பு இல்லக்கா” என்றான் பாண்டிச்செல்வம், தரையைப் பார்த்துக்கொண்டு. “ஒவ்வொரு தையலாப் பாத்தேன். மூக்கு முடியுற எடத்துல நீங்க லாக் போடல. நூலு சும்மா நிக்குது. மூணு தையல் சேர்த்திருக்கேன், இனிமே பிரியாது.”

துணியை வாங்கி நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தேன். நூல் அசையவில்லை. ஒன்றரை வருடம் வரைந்து, ஆறு வருடம் தைத்து, நான் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரியாமலே போன விஷயம், அடுத்தவன் கைக்குப் போன ஒரே நாளில் சரியாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது, அதை மறைக்கத் தெரியாமல், “ஜாக்கெட் இன்னும் இருபத்தஞ்சு கிடக்கு, என் ஒரு மெஷின்ல முடியாது, பாதியைத் தூக்கிட்டுப் போலே” என்று அதட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போனான்.

தேருக்கு நாற்பது கிளியும் போய்ச் சேர்ந்தன. நாலு ரத வீதியிலும் அந்தப் பெண்கள் கோலாட்டம் அடித்துப் போனதை நானும் பாண்டிச்செல்வமும் ஹெப்சிபாவும் ஒரு பால்கோவா கடைப் படியில் நின்று பார்த்தோம். எந்தக் கிளி யார் மெஷினில் தைத்தது என்று எங்களுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கிளியை எல்லோரும் எடுத்துக்கொள்கிற மாதிரி இணையத்தில் போடச் சொன்னதும் அங்கே வைத்துத்தான், சொன்னது நான்தான்.

புரட்டாசியில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். என் முன் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகில் என் கிளி இருந்தது. கழுத்து வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நானும் தைக்கவில்லை, பாண்டிச்செல்வமும் தைக்கவில்லை. கிளியின் வாயில் யாரோ ஒரு மாதுளம் மொட்டை வைத்திருந்தார்கள். இத்தனூண்டு மொட்டு. அந்த மொட்டால் கிளி அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

தோளைத் தட்டினேன். “எங்கம்மா தைச்சது இது?”

“சங்கரன்கோயில்லக்கா. எங்க தெருவுல ஒரு பிள்ளை தைக்கா.”

“கிளி யாரோடதுன்னு சொன்னாளா?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இதென்ன கேள்வி? ஆண்டாள் கிளி. ஆண்டாளோடதுதான்.”

அது என்னோடது என்று சொல்ல வாய் திறந்தேன். பஸ் வன்னியம்பட்டி விலக்கில் நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், பஸ் கிளம்பியது. நான் பையிலிருந்து போனை எடுத்தேன்.

“அந்தப் பிள்ளை நம்பர் இருந்தாக் கொஞ்சம் கொடு தாயி” என்றேன். “அந்த மொட்டை எப்படி வச்சாள்னு கேக்கணும்.”